பட்டம் யாருக்கு? கடைசி ரேஸ்களில் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

ஃபார்முலா 1 சீசன் முடிய இரண்டு மூன்று ரேஸ்களே பாக்கி என்ற நிலையில், திரையில் ஓடும் புள்ளிப் பட்டியல் பாதிக் கதையைத்தான் சொல்லும். யார் எத்தனையாவது வந்தால் போதும் என்பது அதில் இருக்காது. ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் இருந்தால் அதை நீங்களே ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம்.

முதலில் மிச்சப் புள்ளிகள். ரேஸில் முதல் பத்து இடங்களுக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. சில வாரங்களில் கூடுதலாக நடக்கும் குட்டி ரேஸான ஸ்பிரிண்ட்டில் முதல் எட்டுப் பேருக்கு 8-இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைந்து 1 வரை. ஆக, ஒருவர் ஒரு வாரத்தில் அதிகபட்சம் அள்ளக்கூடியது 25. ஸ்பிரிண்ட் உள்ள வாரத்தில் 33. அதிவேக லேப்புக்கு, அதாவது சுற்றுக்கு, தந்துவந்த ஒரு புள்ளியை 2025 முதல் எடுத்துவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் அதையும் கூட்டிவிட வேண்டாம். முன்னிலை மிச்சப் புள்ளிகளைவிட அதிகமென்றால் பட்டம் அங்கேயே முடிவாகிவிடும்.

அடுத்து ஒரு குறுக்குவழி. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி 7. அதற்குக் கீழே இரண்டு படிக்கு 3, பிறகு 2, கடைசியில் 1. ஸ்பிரிண்ட்டில் ஒரு படிக்கு 1 மட்டும். எனவே எதிராளி எல்லா ரேஸையும் ஜெயித்தாலும், பின்னாலேயே இரண்டாவதாக வந்துகொண்டிருப்பவர் ரேஸுக்கு 7 புள்ளிதான் இழப்பார். மூன்று ரேஸ் பாக்கி, ஸ்பிரிண்ட் இல்லை, கையில் 22 புள்ளி முன்னிலை என்றால் அவர் ஒன்றைக்கூட ஜெயிக்க வேண்டியதில்லை. இந்த நிலையில் அவர் ஆபத்தான ஓவர்டேக்கைத் தவிர்த்தால் பயந்துவிட்டார் என்று திட்டாதீர்கள். அவர் கணக்குத் தெரிந்தவர்.

கடைசி ரேஸுக்கு வந்தால் சூத்திரம் இன்னும் எளிது. 25-இலிருந்து முன்னிலையைக் கழியுங்கள். வரும் எண்ணைவிட அதிகப் புள்ளி தரும் இடம்தான், எதிராளி ஜெயித்தால் முன்னிலையில் இருப்பவருக்குத் தேவையான இடம். 12 புள்ளி முன்னிலை என்றால் 13-க்கு மேல் வேண்டும். நான்காமிடம் 12-தான் தரும், ஆகவே மூன்றாமிடம் வந்தாக வேண்டும். 2016 அபுதாபியில் ரோஸ்பெர்க்குக்கும் 2025 அபுதாபியில் நாரிஸுக்கும் இதே 12, இதே மூன்றாமிடம். ரோஸ்பெர்க் இரண்டாவதாக வந்தார். நாரிஸ் மிகச் சரியாக மூன்றாவது வந்து 423–421 என்று வெர்ஸ்டாப்பனை வென்றார்.

கழித்து வரும் எண் ஓர் இடத்தின் புள்ளியோடு அச்சாகப் பொருந்தினால் கவனம் வேண்டும், அங்கேதான் சமநிலை வரும். அப்போது யார் அதிக முறை ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் இரண்டாமிடங்கள், பிறகு மூன்றாமிடங்கள் என்று கீழே இறங்கிக்கொண்டே போவார்கள். வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2010 அபுதாபிக்கு வரும்போது அலோன்சோ 246, வெப்பர் 238, வெட்டல் 231. வெட்டல் ஜெயித்து அலோன்சோ ஐந்தாவது வந்திருந்தால் இருவருக்கும் 256. வெற்றி 5–5, இரண்டாமிடம் 2–2, மூன்றாமிடம் 3–3. நான்காமிடங்களில் வெட்டல் 3, அலோன்சோ 2, பட்டம் வெட்டலுக்கு. அதனால் அலோன்சோவுக்கு நான்காமிடம் கட்டாயம்.

அதே ரேஸ் இன்னொன்றையும் காட்டுகிறது: போட்டியில் இருக்கும் ஒவ்வொரு எதிராளிக்கும் தாளில் தனி வரி போடுங்கள். வெப்பர் சீக்கிரமே டயர் மாற்றப் போனதும் அலோன்சோவின் ஃபெராரி அணி அவரை முந்தவிடாமல் மறிப்பதற்காக 15-வது லேப்பில் அலோன்சோவை உள்ளே கூப்பிட்டது. வெப்பர் வரிக்கு அது சரி. ஆனால் முன்னால் ஓடிக்கொண்டிருந்த வெட்டலின் வரியை யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்த அலோன்சோ, முதல் லேப்பில் சேஃப்டி கார் (எல்லாரையும் மெதுவாக ஓடவைக்கும் கார்) வந்தபோதே டயர் மாற்றிவிட்டிருந்த பெட்ரோவின் பின்னால் மாட்டிக்கொண்டு ஏழாவதாக முடித்தார். 252, பட்டம் நான்கு புள்ளியில் போனது.

ரேஸ் நடக்கும்போது தாளில் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த லேப் எத்தனை, டயருக்கு உச்சவரம்பு ஏதாவது உண்டா. 2025 கத்தாரில் 57 லேப். எந்த டயர் செட்டும் 25 லேப்புக்கு மேல் ஓடக்கூடாது என்று விதி. ஏழாவது லேப்பில் சேஃப்டி கார் வந்தது. 57-இல் 7 போனால் 50, அதாவது மிகச் சரியாக இரண்டு 25. அந்த நொடியில் உள்ளே போனவருக்கு இன்னும் ஒரே ஒரு பிட் ஸ்டாப் போதும். எல்லாரும் மெதுவாக ஓடும் நேரத்தில் நின்றதால் இழப்பும் குறைவு. ஏறக்குறைய எல்லா அணியும் போனது. நாரிஸும் பியாஸ்திரியும் ஓட்டும் மெக்லாரன் அணி தன் இரண்டு காரையும் வெளியிலேயே வைத்தது. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், பியாஸ்திரி இரண்டாவது, நாரிஸ் நான்காவது. சேஃப்டி கார் வந்ததும் நீங்கள் போட வேண்டிய கழித்தல் இதுதான். வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை தகுதிச் சுற்றில் யாராவது கோட்டைவிட்டால், அவர் அணி எஞ்சினை மாற்றுகிறதா என்று பாருங்கள். 2025 பிரேசிலில் வெர்ஸ்டாப்பன் 16-வதாகத் தகுதி பெற்றார். அணி புது எஞ்சின் போட்டு பிட் லேனிலிருந்து, அதாவது எல்லாருக்கும் பின்னாலிருந்து, கிளப்பியது, அவர் மூன்றாவதாக வந்தார். பின்வரிசையில் இருக்கும்போது, ஒதுக்கீட்டுக்கு மேல் எஞ்சின் போட்டதற்காகப் பின்னால் தள்ளும் கிரிட் தண்டனையை வாங்குவதில் பெரிய நட்டமில்லை.

கொடி விழுந்ததும் தாளை மடித்துவிடாதீர்கள். ஓட்டத்தில் செய்த தவறுக்கான ஐந்து விநாடித் தண்டனைகள் முதலில் நேரத்தோடு கூடும். 2022-இல் ஜப்பானின் சுசுகாவில் இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டிய லெக்லேர் அப்படித்தான் மூன்றாவதானார். வெர்ஸ்டாப்பன் அந்தக் கணமே சாம்பியன். மழையால் 53-இல் 28 லேப்தான் ஓடியதால் குறைந்த புள்ளிதான் கிடைக்கும் என்று அவரே நினைத்திருந்தார். அப்போதைய விதிப்படி, நிறுத்திய ரேஸ் மறுபடி தொடங்கி ஓட்டத்திலேயே முடிந்ததால் முழுப் புள்ளி. அந்த ஓட்டையை அடுத்த ஆண்டே அடைத்துவிட்டார்கள்: இப்போது முக்கால் பங்கு தூரம் ஓடாவிட்டால் குறைந்த புள்ளிதான்.

பிறகு காரைப் பரிசோதிப்பார்கள். காரின் அடிப்பலகை தேய்ந்த பிறகும் குறைந்தது 9 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். 2025 லாஸ் வேகஸில் இரண்டாவது வந்த நாரிஸும் நான்காவது வந்த பியாஸ்திரியும் ரேஸ் முடிந்து பல மணி நேரம் கழித்து இதில் சிக்கித் தகுதி நீக்கமானார்கள். 18 புள்ளியும் 12 புள்ளியும் போயின. அவர்களுக்குப் பின்னால் வந்த எல்லாருடைய வரியையும் அழித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பேனாவுக்குப் பதில் பென்சில் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.