சரக்கு தீரவும் கூடாது, தேங்கவும் கூடாது: சின்னக் கடைக்கு ஒரு கான்பான் அட்டை

சின்னக் கடையில் பணம் முடங்குவது பெரும்பாலும் சரக்கில்தான். ஒரு பொருள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், வாடிக்கையாளர் கேட்கும் பொருள் இருக்காது. 1950-ல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்துக்கும் பெரிய நெருக்கடி வந்தது. வண்டிகள் விற்கவில்லை, கையில் பணமில்லை, தொழிலாளர் போராட்டம் வேறு. நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அங்கே பொறியாளராக இருந்த தாயிச்சி ஓனோவுக்கு அமெரிக்க சூப்பர் மார்க்கெட் நடக்கும் விதம் பிடித்துப்போனது: வாங்க வந்தவர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை நிரப்புகிறார்கள். அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். உதிரிபாகப் பெட்டியோடு ஓர் அட்டை இருக்கும். பாகத்தை எடுத்ததும் அட்டை திரும்பிப் போகும், அது வந்தால்தான் அடுத்த பெட்டி தயாராகும். இதுதான் கான்பான்.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். கத்தரிக்கோல், கெட்டி அட்டை, ரப்பர் பேண்டு போதும்.

1. ஒரே ஒரு பொருளில் தொடங்குங்கள். அடிக்கடி தீர்ந்து தொல்லை தருவதை எடுங்கள். இங்கே ஓர் உணவுக்கடையின் பார்சல் டப்பாவை வைத்துச் சொல்கிறேன்.

2. கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 40 டப்பா செலவாகிறது, சொன்னால் சரக்கு வர 3 நாள் ஆகிறது என்றால் 120. வண்டி ஒரு நாள் தாமதமாகலாம், அதற்கு 40 சேருங்கள். ஆக 160. நாள் செலவை உத்தேசமாகப் போடாமல், ஒரு வாரம் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

3. பிரித்துக் கட்டுங்கள். 160 டப்பாவைத் தனியாகக் கட்டி, மேலே அட்டையைச் செருகுங்கள். அட்டையில் பொருளின் பெயர், அளவு, வாங்க வேண்டிய எண்ணிக்கை, மொத்தக் கடையின் போன் நம்பர். எண்ணிக்கை 160-க்குக் குறையக் கூடாது. மற்ற டப்பாக்கள் அன்றாடப் புழக்கத்துக்கு.

4. கட்டைப் பிரிப்பவர் அட்டையை மாட்ட வேண்டும். புழக்கத்தில் இருந்தது தீர்ந்து கட்டை அவிழ்க்கும் அந்த நிமிடமே, அட்டை கல்லா பக்கத்துக் கொக்கிக்குப் போக வேண்டும். மாலையில் கொக்கியில் இருக்கும் அட்டைகளைப் பார்த்து ஆர்டர் சொல்லிவிடலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் செய்யலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. எது தீர்ந்தது என்பதை முதலாளி மனதில் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் "ரெண்டு டப்பாதானே" என்று கட்டிலிருந்து உருவி எடுக்க ஒருவரை விட்டால் முறையே குலைந்துவிடும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

5. சரக்கு வந்ததும் முதலில் 160-ஐக் கட்டி அட்டையைச் செருகுங்கள். மீந்த பழைய டப்பா முன்னால், புதியது பின்னால்.

6. சில மாதம் சரியாக ஓடினால் 160-ஐ 150 ஆக்கிப் பாருங்கள். டொயோட்டாவிலும் அட்டைகளைக் குறைத்துக்கொண்டே போவார்கள், எங்கே தாமதம் ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அதற்காக எல்லாவற்றையும் குறைக்க வேண்டாம். 2011-ல் ஜப்பானில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, வண்டிக்குத் தேவையான எலக்ட்ரானிக் சிப்புகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி அதே டொயோட்டா சப்ளையர்களிடம் சொன்னது. உங்கள் கடையிலும் ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளுக்குக் கூடுதல் இருப்பு வையுங்கள். தீபாவளி, முகூர்த்த மாதங்களுக்கு வேறு நிறத்தில், பெரிய எண்ணோடு தனி அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.