கடலோரச் சதுப்பில் காட்டு வாத்து பார்ப்பது எப்படி?

வாத்து என்றதும் நம் ஊர் வயலில் மேயும் வாத்து நினைவுக்கு வரும். நான் சொல்வது கூஸ் எனப்படும் பெரிய இனம். நீண்ட கழுத்து, மாடு மாதிரி நாள் முழுக்க மேய்ச்சல். இங்கிலாந்தின் நார்ஃபோக், எஸ்ஸெக்ஸ் கடற்கரைச் சதுப்புகளுக்கு இவை அக்டோபரிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். முதல்முறை போகிறவர்கள் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணையைப் பாருங்கள். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் சேற்றுப் பரப்பில் வெகு தூரத்தில் கடற்புல் மேயும், உங்களுக்குக் கரும்புள்ளிதான் தெரியும். நீர் ஏற ஏற அவையே கரைப்பக்கம் நகர்ந்து வரும். அதனால் உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்க் கரைமேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுங்கள். மேட்டின் உச்சியில் மட்டும் நிற்காதீர்கள், வானத்தை ஒட்டி உங்கள் உருவம் தெரிந்தால் கூட்டமே கிளம்பிவிடும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும்.

அடுத்து, ஒரே ஓர் இனத்தை நன்றாகப் பழகுங்கள். நான் சிபாரிசு செய்வது பிரென்ட். கூஸ்களில் சின்னது, சாதாரண வாத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தலை, கழுத்து, மார்பு எல்லாம் கரி நிறம், பின்புறம் பளிச்சென்று வெள்ளை. வளர்ந்த பறவையின் கழுத்தில் இருபக்கமும் விபூதிக் கீற்று போல வெள்ளைக்கோடு இருக்கும். இளம் பறவைக்கு அது குளிர்காலத் தொடக்கத்தில் இருக்காது, பதிலாக மடித்த சிறகின் மேல் மெல்லிய வெள்ளை வரிகள். இதைப் பிடித்துக்கொண்டால் பெரிய விஷயம் ஒன்று கைக்கு வரும்: குடும்பம் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்தே இருப்பதால், ஒரு ஜோடியுடன் எத்தனை குஞ்சுகள் என்று எண்ணிவிடலாம். இவை சைபீரியாவின் தைமிர் பகுதியில் முட்டையிடுபவை. அங்கே லெமிங் என்ற சிற்றெலி குறைந்த வருடங்களில் பனிநரிகள் முட்டை, குஞ்சு பக்கம் திரும்பிவிடும், அந்தக் குளிர்காலத்தில் வரி போட்ட சிறகையே தேடத்தான் வேண்டும். நான் இப்போதும் போனதும் முதலில் எண்ணுவது இதைத்தான்.

சரி, மற்றவை? உடல் நிறத்தை நம்பாதீர்கள், மங்கிய வெளிச்சத்தில் எல்லாமே பழுப்புதான். தலை, அலகு, கால், இந்த மூன்றைப் பாருங்கள். கிரேலாக்: தடித்த ஆரஞ்சு அலகு, இளஞ்சிவப்புக் கால். பிங்க்ஃபுட்: இருண்ட தலை, குட்டையான கரிய அலகில் இளஞ்சிவப்புப் பட்டை, கால் பேருக்கேற்ற நிறம். கனடா: கறுப்புக் கழுத்து, தாடையில் வெள்ளைக் கட்டு. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்தைத் தலையிலுள்ள இரண்டு கறுப்புப் பட்டைகளை வைத்து அடையாளம் கண்டவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கும்.

மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் ஒட்டுமொத்தமாகத் தலை தூக்கினால் அசையாமல் இருங்கள், அல்லது மெதுவாகப் பின்வாங்குங்கள். குளிரில் வீணாகப் பறக்க வைத்தால் அவ்வளவு நேரம் மேய்ந்து சேர்த்த சக்தி போய்விடும்.

அப்புறம் ஒருநாள் விடியலுக்கு அரைமணி முன்பு நார்ஃபோக்கின் ஸ்னெட்டிஷாம் கரைக்குப் போங்கள். இரவு சேற்றுத் திட்டில் தங்கிய பிங்க்ஃபுட்கள், அறுவடையான சர்க்கரை பீட் (சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்ரூட் வகை) வயல்களைத் தேடி வரிசை வரிசையாகத் தலைக்குமேல் போகும், உருவத்துக்கு முன்பே சத்தம் வந்துவிடும். பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். நிலா வெளிச்சத்தில் இரவிலேயே மேயப் போய்விடும்.