கீழே விழுந்த பைக்கைச் சரிசெய்வது: முதலில் பார்க்க வேண்டியது பெயிண்ட் அல்ல

மணலில் சறுக்கியோ, திருப்பத்தில் நாய் குறுக்கே வந்தோ முப்பது நாற்பது வேகத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தால், எந்த வண்டியானாலும் அடி வாங்குகிற பாகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: கண்ணாடி, லிவர், இண்டிகேட்டர், ஹேண்டில் பாரின் முனை, ஃபுட்ரெஸ்ட், கிராஷ் கார்டு, விழுந்த பக்கத்தைப் பொறுத்து கியர் லிவர் அல்லது பிரேக் பெடல். இதில் முக்கால்வாசியை ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் எல்லாருடைய கையும் டேங்க்கில் விழுந்த கோட்டைத்தான் தடவிப் பார்க்கிறது. கோடு விழுந்த டேங்க்கோடு பத்து வருடம் ஓட்டலாம், திருகிப்போன ஃபோர்க்கோடு (முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கால்கள்) ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. அதனால் நான் சொல்லப்போகிற வரிசை இதுதான்: வண்டி ஒழுங்காகத் திரும்புகிறதா, நிற்கிறதா, உருளுகிறதா, அதற்கெல்லாம் அப்புறம்தான் அழகு. ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா மாதிரி நூறு சிசி வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன், டிஸ்க் பிரேக் வண்டிக்கு வேறுபடுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

விழுந்த இடத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் சாவியை ஆஃப் செய்யுங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் டேப்பையும் மூடிவிட்டு, கீழே சிந்திய பெட்ரோல் ஆறும்வரை கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்துகிற சென்சார் இருக்கிறது. நிமிர்த்திய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், பேட்டரி போய்விட்டது என்று பதற வேண்டாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்ஸிலரேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். அது சட்டென்று தானாகத் திரும்பி வர வேண்டும், ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்தாலும், வலது பக்கம் ஒடித்தாலும் அப்படியே வர வேண்டும். வலது பக்கமாக விழுந்த வண்டியில் கிரிப் உள்ளே தள்ளப்பட்டு ஆக்ஸிலரேட்டர் பாதியில் சிக்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கிற விஷயம், அந்த நிலையில் கியர் போட்டால் வண்டி உங்கள் கையில் இருக்காது. பிரேக் இரண்டையும் அழுத்திப் பாருங்கள், எஞ்சினுக்கு அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் தள்ளிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் குட்டியானையில் ஏற்றுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் கேட்கப்போகிறீர்கள் என்றால் வேலை தொடங்கும் முன்பே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும், கழற்றி மாட்டிய பிறகு சொன்னால் தகராறுதான். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும், தேய்மானத்தைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் கவர் எடுக்காதவர்களுக்கு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதோடு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை ஏறிய நோ கிளெய்ம் போனஸும் அந்த வருடத்தோடு போய்விடும். கண்ணாடி, லிவர், இண்டிகேட்டர் அளவிலான சேதத்துக்குக் கைக்காசு போடுவதே லாபம் என்பது என் கணக்கு. ஃபோர்க்கோ ரிம்மோ போயிருந்தால் கேளுங்கள்.

இனி முன்பக்கம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் கோன் செட்டில், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்து பேரிங்கில், குண்டுகள் ஓடுகிற தடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது சத்தம் வந்தால் கோன் செட் லூஸ், அதை டைட் வைத்தாலே போதும். அப்புறம் வண்டியை இறக்கி, நேரே முன்னால் போய் நின்று பாருங்கள்: சக்கரம் நேராக இருக்கும்போது ஹேண்டில் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா? கோணியிருந்தால் மூன்றில் ஒன்று. ஹேண்டில் பார் வளைந்திருக்கலாம், ஃபோர்க் திருகியிருக்கலாம், இல்லை ஃபோர்க் டியூபோ, இரண்டு ஃபோர்க்கையும் கீழே சேர்த்துக் கவ்வுகிற ‘டி’யோ வளைந்திருக்கலாம்.

திருகல்தான் அதிகம் நடப்பது, செலவே இல்லாமல் சரியாவதும் அதுதான். இரண்டு ஃபோர்க்கும் மேலும் கீழும் கவ்வுகளில் பிடிக்கப்பட்டிருக்கின்றன, அடி விழும்போது எதுவும் உடையாமல் வளையாமல் அந்தப் பிடிக்குள்ளேயே கொஞ்சம் நழுவித் திரும்பிக்கொள்கிறது. முன் ஆக்ஸில் நட்டு, மட்கார்டு போல்ட்டுகள், கீழே ‘டி’யில் ஃபோர்க்கைக் கவ்வுகிற போல்ட்டுகள், மேலே டாப் போல்ட்டுகள், இவற்றைக் கொஞ்சமாக லூஸ் செய்யுங்கள். கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம்தான். மேலும் கீழும் முழுக்கக் கழற்றிவிட்டால் டியூப் மேலே வழுக்கி வண்டி முன்னால் இறங்கிவிடும், அதனால் வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். இப்போது சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை கோணலுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டுங்கள். நேராக வந்ததும் முன் பிரேக்கைப் பிடிக்காமல் ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள், டியூப் இரண்டும் தன் இடத்தில் உட்காரும். ஆக்ஸிலை டைட் வைத்து, மறுபடி அழுத்தி, கீழ் போல்ட், மேல் போல்ட், கடைசியில் மட்கார்டு என்று முடியுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபோர்க் அசெம்பிளியையே மாற்றச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன, அதனால் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

இப்படிச் செய்தும் கோணல் போகவில்லை என்றால் வளைவு இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சக்கரம் எஞ்சின் பக்கம் நெருங்கியிருப்பது தெரியும், ‘டி’க்குக் கீழே குரோம் பூச்சில் மெல்லிய மடிப்பு தெரியும், ஃபோர்க் அழுந்தும்போது நடுவில் சிக்கும். சக்கரத்தைக் கழற்றினால் ஆக்ஸிலைத் தட்டையான கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள், தாவித் தாவி உருண்டால் அது குப்பைக்குத்தான். ஹோண்டா குடும்ப வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்களில் ஆக்ஸிலுக்கும் ஃபோர்க் டியூபுக்கும் அனுமதிக்கிற வளைவு 0.20 மில்லிமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரிகிற எந்த வளைவும் அதிகம். பெண்டு எடுத்துத் தருகிற லேத் பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு, டியூபை அழகாக நிமிர்த்தியும் தருவார்கள், ஆனால் ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அடுத்த குழியில் எங்கே மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டியூப், ‘டி’, ஆக்ஸில் மூன்றுக்கும் புதுசு வாங்குங்கள். டேங்க்கைத் தூக்கிவிட்டு சேஸியின் கழுத்துப் பகுதியையும் பாருங்கள். அங்கே பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ இது வாசலில் பார்க்கிற வேலை இல்லை.

சக்கரத்துக்கு ஒரு சாக்பீஸ் போதும். ஃபோர்க்கில் கையை ஊன்றி, சாக்பீஸை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்து, சக்கரத்தைச் சுற்றுங்கள். தொடுகிற இடத்தில் கோடு விழும். 2 மில்லிமீட்டர்வரை ஆட்டம் இருந்தால் விட்டுவிடலாம், அதற்கு மேல் என்றால் ஸ்போக் கட்டுகிறவரிடம் கொண்டுபோங்கள். ஸ்போக்குகளை ஒரு சின்ன ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிப் பார்த்தால் லூஸான ஸ்போக் மட்டும் மந்தமாக ஒலிக்கும். அலாய் வீலில் வெடிப்பு இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். பின்சக்கரம் நகர்ந்திருக்கிறதா என்று செயின் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கக் கோடுகளும் சமமாக இருப்பதை வைத்துப் பார்க்கலாம்.

பிரேக்குக்கு வருவோம். பிரேக் பெடல் உள்ளே மடங்கி கிளட்ச் கவரிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ இடித்தால் முழுசாக இறங்காது. நிமிர்த்திய பிறகு பின்னால் இருக்கிற ராடு நட்டைத் திருகி விளையாட்டு இடத்தைச் (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா அசைகிற தூரம்) சரிசெய்து, பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து விற்கிற 125 சிசி வரையிலான வண்டிகளில் காம்பி பிரேக்கோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸோ இருக்கிறது. காம்பி வண்டிகள் பலவற்றில் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்க வேண்டும். அந்த இணைப்புக் கேபிள் கழன்றோ மடங்கியோ இருந்தால் பின் பிரேக் மட்டும் பிடித்து, எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பெடலை மிதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்க் வண்டியில் டிஸ்க் வளைந்திருந்தால் பிடிக்கும்போது லிவர் விரலைத் தள்ளித் தள்ளி விடும். ஹோஸில் உரசல், மாஸ்டர் சிலிண்டரில் கசிவு இரண்டையும் பாருங்கள், பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏபிஎஸ் வண்டியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சென்சார் வயரையும் மறக்க வேண்டாம்.

லிவர் வார்ப்பு அலுமினியம். லேசாக வளைந்திருந்தால் அப்படியே ஓட்டலாம், நிமிர்த்தப் போனால் படக்கென்று உடையும். முனையில் உருண்டை உடைந்துபோன லிவர் அடுத்த முறை விழும்போது கையைக் குத்திவிடும், அதை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். புது லிவர் மாட்டும்போது கிளட்ச்சுக்கு முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் விளையாட்டு இடம் விடுங்கள். லிவர் பிராக்கெட்டை ஹேண்டிலில் மூச்சடக்கி டைட் வைக்காதீர்கள். கையால் பலமாகத் தட்டினால் சுழல்கிற அளவு இருந்தால், அடுத்த தடவை விழும்போது லிவர் உடையாமல் சுழன்று தப்பிக்கும். கண்ணாடி வாங்கும்போது ஒரு விஷயம்: யமஹா வண்டிகள் பலவற்றில் வலது கண்ணாடிக்கு எதிர்மரை, தெரியாமல் வழக்கமான பக்கம் திருகினால் மரையே போய்விடும்.

ஃபுட்ரெஸ்ட் பின்பக்கமாக மடங்கியிருந்தால் பைப்பைச் சொருகி நிமிர்த்துவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பல நூறு சிசி வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் கம்பி எஞ்சினுக்கு அடியிலேயே போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. வண்டியில் வைத்தே நெம்பினால் அந்த அழுத்தம் முழுவதும் கிராங்க் கேஸின் (எஞ்சினின் அடிக்கூடு) அலுமினிய மரையில் இறங்கும், நூறு இருநூறு ரூபாயில் முடிய வேண்டியது எஞ்சின் வேலையாகிவிடும். கழற்றி, வைஸில் பிடித்து, நிமிர்த்தி மாட்டுங்கள். கியர் லிவரும் அப்படித்தான்: ஷாஃப்ட்டில் இருக்கும்போது சுத்தியலால் தட்டவே கூடாது, கிளாம்ப் போல்ட்டை முழுக்க வெளியே எடுத்துவிட்டு லிவரை இழுங்கள், பாதி கழற்றினால் வராது. லிவரை நிமிர்த்தி மாட்டியும் கியர் கனமாக விழுகிறது, அந்த இடத்தில் ஆயில் கசிகிறது என்றால் உள்ளே ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அது மெக்கானிக் வேலை.

எஞ்சின் கவரில் வெடிப்பு இருந்தால் எம்சீல் வைத்து வீடுவரை வரலாம், அதோடு ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கவரும் புது பேக்கிங்கும் வாங்கி மாற்றுங்கள். வண்டி கொஞ்ச நேரம் படுத்திருந்தால் ஏர் ஃபில்டருக்குள் ஆயில் போயிருக்கும், திறந்து பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும்போது ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப்ஸ்டிக்கை மரை ஏற்றாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் பேனல் உடைந்திருந்தால் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பிளாஸ்டிக்கின் வகை ஏபிஎஸ் (ABS, பிரேக் ஏபிஎஸ் இல்லை) என்றோ பிபி (PP) என்றோ சின்னதாக அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால் ஃபெவி க்விக் விட்டு மேலே சமையல் சோடா தூவினாலே கல்லாகப் பிடிக்கும், உள்பக்கம் மட்டும் செய்தால் வெளியே தெரியாது. பிபி எந்தப் பசைக்கும் சரியாக ஒட்டாது, சால்டரிங் அயர்ன் வைத்து ஸ்டேப்ளர் பின்னை உருக்கிப் பதிப்பதுதான் வழி. டேங்க் கீறலில் இரும்பு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால், முக்கியமாகக் கடலோர ஊர்களில், அன்றைக்கே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்துவிடுங்கள், கலர் அப்புறம் பார்க்கலாம். டேங்க்கில் ஓட்டை என்றால் அதற்கென்றே இருக்கிறவரிடம் கொடுங்கள். காலி டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், பக்கத்துத் தெரு வெல்டிங் கடை அதற்கு இடமில்லை.

பாகங்கள் வாங்க சென்னையில் இருப்பவர்களுக்கு புதிதுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. பேனல், டூம் (ஹெட்லைட் கூடு), டேங்க், சாரி கார்டு எல்லாம் பழசில் தாராளமாக வாங்கலாம். லிவர், ஆக்ஸில், ஃபோர்க், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழசில் வாங்காதீர்கள், விலை குறைந்த டூப்ளிகேட்டும் வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் ஒடித்து, லிவரோ சுவிட்சோ டேங்க்கில் இடிக்கிறதா, கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஆளில்லாத ரோட்டில் இருபது வேகத்தில் தொடங்குங்கள், ஒரு பக்கமாக இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் ஆடுகிறதா என்று கவனியுங்கள். விழும்போது போட்டிருந்த ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் அதையும் மாற்றுங்கள், வெளியே கோடுகூட இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிற தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மறுபடி அதிர்ச்சியைத் தாங்காது. ரெண்டு மூணு நாள் ஓட்டிய பிறகு ‘டி’ போல்ட், ஆக்ஸில் நட்டு, ஹேண்டில் கிளாம்ப், கோன் செட் எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.