லெகோவில் எஃப்7 கட்டுகிறீர்களா? மூக்கில் தொடங்காதீர்கள்

சாண்டா ஃபே ரயில்வேயின் சிவப்பும் வெள்ளியுமான எஃப்7 டீசல் லோகோவை 2002-ல் லெகோ நிறுவனமே 10020 என்ற செட்டாக வெளியிட்டது. இன்றும் சொந்தமாக டிசைன் செய்பவர்கள் முதலில் தேடிப் போவது அதைத்தான். போனவுடன் அந்தப் புல்டாக் மூக்கில் கை வைக்கிறார்கள், அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. மூக்கு அழகாக அமைந்துவிடும். அதற்குப் பின்னால் ஒட்டும் உடல்தான் கணக்கில் வராது.

நிஜ எஃப்7-ன் ஏ யூனிட் (ஓட்டுநர் அறை உள்ள லோகோ) நீளம் 50 அடி 8 அங்குலம், அகலம் சுமார் 10 அடி. லெகோவில் அளவுகோல் ஸ்டட், அதாவது பிரிக்கின் மேல் உள்ள குமிழ்; ஒரு ஸ்டட் 8 மி.மீ. ஆகவே 8 ஸ்டட் அகலத்தில் கட்டினால் விகிதம் ஏறக்குறைய 1:48, நீளம் 40 ஸ்டட். 6 ஸ்டட் அகலம் என்றால் நீளம் 30. ஆறு அகலத்தில் 40 நீளம் இழுத்தால் பென்சில் டப்பாதான் கிடைக்கும். தண்டவாள இடைவெளியை வைத்து விகிதம் போடுபவர்களும் உண்டு. அந்தக் கணக்கில் 1:38 வந்து, உடல் 10 ஸ்டட் அகலமும் 51 ஸ்டட் நீளமும் ஆகிவிடும். வளைவில் அது படுத்தும் பாட்டுக்கு, தண்டவாளம் கொஞ்சம் அகலமாகத் தெரிவதையே பொறுத்துக்கொள்ளலாம்.

வளைவு என்றதும் கவனம் வேண்டும். லெகோவின் வழக்கமான வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 40 ஸ்டட், அதாவது 320 மி.மீ. எஃப்7-ன் இரு போகிகளின் (பெட்டியல்ல, உடலுக்கு அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டங்கள்) மையங்களுக்கு இடையே 30 அடி. 1:48-ல் 24 ஸ்டட். இந்த வளைவில் உடலின் நடுப்பகுதி 15 மி.மீ. உள்பக்கம் சாயும், முனை 25 மி.மீ. வெளியே நீட்டும். முனையில் உடலோடு கப்ளரை, அதாவது பெட்டிகளை இணைக்கும் பாகத்தை, பொருத்தினால், பின்னால் வரும் குட்டைப் பெட்டியை அது மூன்று ஸ்டட் பக்கவாட்டில் இழுத்துத் தடம்புரள வைக்கும். கப்ளர் போகியில்தான் இருக்க வேண்டும். மூக்குக்குக் கீழே உள்ள முன் தகடும் போகியோடு சேர்ந்து திரும்பட்டும். தகட்டுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு பிளேட் (லெகோவின் மெல்லிய தட்டை) உயரம், 3.2 மி.மீ., இடைவெளி போதும்.

அதே வளைவில் ஒவ்வொரு போகியும் 17 டிகிரிக்கு மேல் திரும்பும். டீசல் டாங்கை நீளமாக வைத்தால் போகியின் ஓரம் இடிக்கும். மேல் உடலைக் கட்டும் முன்பே போகியை இருபுறமும் 20 டிகிரி கையால் திருப்பிப் பாருங்கள்.

ஆறு சக்கர போகிக்கு இன்னொரு தொல்லை உண்டு. எஸ்டி40-2 என்ற அமெரிக்க டீசல் லோகோவின் போகியை 1:48-ல் எடுத்தால் முதல் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் நடுவே 86 மி.மீ.; நடு அச்சு சுமார் 3 மி.மீ. பக்கவாட்டில் நகர வேண்டும். நகரும்படி விடுங்கள், அல்லது நடுவில் விளிம்பில்லாத சக்கரம் போடுங்கள். நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் லோகோவைக் கட்டுபவர்கள் மூன்று அச்சுகளையும் சம இடைவெளியில் வைத்துவிடுகிறார்கள். ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பான அந்தப் போகியில் இடைவெளிகள் சமமில்லை, பக்கவாட்டுப் படத்தில் பார்த்தாலே தெரியும்.

மோட்டார் வைப்பதில் பலர் ஏமாறுவது பழைய செட்டைப் பார்த்துத்தான். 10020 வந்த காலத்தில் 9 வோல்ட் மோட்டார் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுத்தது, உடலுக்குள் பேட்டரி தேவையில்லை. இன்றைய பவர்டு அப் ஹப், அதாவது மோட்டாரை இயக்கும் பேட்டரிப் பெட்டி, 4 ஸ்டட் அகலம், 8 ஸ்டட் நீளம், உள்ளே 6 டிரிபிள் ஏ பேட்டரி. எஃப்7-ன் முழு அகல உடலில் இது எளிதாக அடங்கும். ஜிபி38 போன்ற, இருபுறமும் நடைபாதை உள்ள லோகோவில் ஹூட் (என்ஜினை மூடும் கூடு) குறுகலானது: 8 அகல மாடலில் ஹூட்டை 6 ஸ்டட்டுக்குக் குறைத்தால், இருபுறமும் ஒரு ஸ்டட் சுவர் போக, ஹப் மட்டாக நுழையும். 6 அகல மாடலில் ஹூட் 4 ஸ்டட்தான், ஹப்பைப் பின்னால் வரும் பெட்டிக்கு மாற்ற வேண்டியதுதான். எந்த மாடலானாலும் கூரை ஒரே இழுப்பில் கழல வேண்டும்; பேட்டரி மாற்ற லோகோவைப் பிரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எடை மோட்டார் போகிக்கு மேல் விழட்டும், இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும்.

படம் தேடும்போது ஈ8 என்ற இன்னொரு டீசல் லோகோவை எஃப்7 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கு அண்ணன் தம்பி போலிருக்கும். ஆனால் ஈ8 70 அடி 3 அங்குலம், போகிக்கு ஆறு சக்கரம். சக்கரத்தை எண்ணினால் போதும்.

வெள்ளி நிறத்துக்குச் சாம்பல் பிரிக் வாங்கும்போது ஒரே தலைமுறையில் வாங்குங்கள். 2004 வாக்கில் லெகோ சாம்பலை நீலச் சாயலுக்கு மாற்றியது. பழையதும் புதியதும் கலந்தால் மின்விளக்கில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் உடல் முழுக்கத் திட்டுத் திட்டாகத் தெரியும்.