முதல் கனடாக் குளிருக்கு முன்: உள்ளே போடும் துணியைக் கவனியுங்கள்

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ரொறன்ரோவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பலர், பெரிய ஜாக்கெட் ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம், உடம்போடு ஒட்டிப் போடும் துணி. நம் ஊரில் பருத்திதான் சுகம். ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சி அப்படியே ஈரமாக வைத்திருக்கும். பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்து வியர்த்துவிட்டு நிறுத்தத்தில் நின்றால், அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டரில் செய்த தெர்மல் (குளிருக்கான உள்ளாடை), அதன்மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணியில் செய்த மேலாடை), வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். மூன்றும் தனித்தனியாக இருப்பதால் ரயிலில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம், வியர்க்காது.

பூட்ஸை, தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும்.

வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு விண்ட் சில் எண்ணையும், அதாவது காற்றையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று சொல்லும் எண்ணையும் பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம். காது, மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் மூடித்தான் போக வேண்டும். குழந்தைகள் எவ்வளவு அடம்பிடித்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு தோல் வெடிக்கும். குளித்த ஈரம் உலர்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். எண்ணெய் உறைந்திருந்தால், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே உருகிவிடும்.