ரிமோட் கீ வேலை செய்யவில்லையா? அவசரப்பட்டு இதையெல்லாம் செய்யாதீர்கள்

பட்டனை அழுத்தியும் கார் திறக்கவில்லை என்றால் சாவி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். வீண் செலவு வைப்பது இந்த அவசரம்தான். முதலில் வீட்டிலுள்ள இரண்டாவது சாவியை அழுத்திப் பாருங்கள். அது திறந்தால் கோளாறு முதல் சாவியில். அதுவும் திறக்காவிட்டால் காரின் 12 வோல்ட் பேட்டரி மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். உலோகச் சாவியால் கதவைத் திறந்து, உள்விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த இரண்டாவது சாவி பீரோவில் வருடக்கணக்கில் கிடந்ததென்றால் அதன் செல்லும் தீர்ந்திருக்கலாம்.

அதிகத் தவறு நடப்பது செல் மாற்றுவதில். சாவிக்குள் போடும் வட்டச் செல்களான சிஆர்2032, சிஆர்2025 இரண்டும் 3 வோல்ட், இரண்டுக்கும் விட்டம் 20 மில்லிமீட்டர். அதனால் 'எதைப் போட்டாலும் ஓடும்' என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் முதலாவதன் தடிமன் 3.2 மி.மீ., இரண்டாவது 2.5 மி.மீ. மெல்லியதைப் போட்டால் தொடர்பு சரியாகப் படாமல், ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. தடித்ததைத் திணித்தால் உள்ளிருக்கும் தகடு வளைந்துவிடும். பழைய செல்லில் எழுதியிருக்கும் எண்ணையே வாங்குங்கள், பிளஸ் பக்கம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் 3 வோல்ட் காட்டுகிறதே என்று பழைய செல்லை நம்பிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது நல்ல அளவு காட்டும் செல், சிக்னல் அனுப்பும் நொடியில் இறங்கிவிடலாம். காருக்கு மிக அருகில் போனால்தான் திறக்கிறது என்றாலே செல் தீரப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கழற்றிய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது. விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

செல்போன் கேமரா முன் சாவியை அழுத்தி, வெளிச்சம் தெரியவில்லை என்று கைவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சோதனை அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் டிவி ரிமோட்டுக்கானது. இன்றைய கார் சாவிகள் ரேடியோ அலையில் பேசுகின்றன, இந்தியாவில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில். அது எந்தக் கேமராவிலும் தெரியாது.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் செல் தீர்ந்தால் வண்டியே எடுக்க முடியாது என்று டோ வண்டியைக் கூப்பிடத் தேவையில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறக்கலாம். சில கார்களில் அலாரம் அடிக்கும், பதற வேண்டாம். அப்புறம், பல மாடல்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தபடி பிரேக்கை மிதித்து அழுத்தினால் போதும். சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்புதான் இம்மொபிலைசர்; சாவியிலுள்ள அதன் சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தைக் காரே தரும், செல் தேவையில்லை. எங்கே பிடிப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

ரிமோட் பட்டனில் கதவு திறக்கிறது, ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் திரும்பத் திரும்பச் செல்லை மாற்றுவதில் பயனில்லை. இம்மொபிலைசர், கார் பேட்டரி என்று வேறு இடத்தில் தேட வேண்டும். அதேபோல், வெறும் செல் மாற்றியதற்கே 'புரோகிராமிங்' (சாவியைக் காரோடு மீண்டும் இணைப்பது) செய்ய வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் காரணம் கேளுங்கள். பெரும்பாலான கார்களுக்கு அது தேவைப்படாது.

சாவி தண்ணீரில் விழுந்தால் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்காமல், முதலில் செல்லைக் கழற்றுங்கள். உள்ளே துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிட்ட பிறகே புதுச் செல் போட வேண்டும். டாஷ்போர்டு வெயிலில் வைத்துக் காயவிடாதீர்கள்.