50-0-ஐத் தாண்டுவாரா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

ஒரு குத்துச்சண்டை வீரர் 20-0, 25-0 (வெற்றி-தோல்வி) என்று வந்துவிட்டாலே, '2017-இல் 50-0 கணக்கோடு ஓய்வு பெற்ற அமெரிக்க வீரர் ஃபிளாய்ட் மேவெதரைத் தாண்டிவிடுவார்' என்ற பேச்சு கிளம்பிவிடும். அது நடக்கக்கூடியதா என்பதை அவருடைய சண்டைப் பட்டியலை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் எதைத் தாண்ட வேண்டும் என்று தீர்மானியுங்கள். தொடர் வெற்றிகளின் எண்ணிக்கை மட்டும்தான் என்றால் 50 ஒரு பெரிய உச்சமே இல்லை. வில்லி பெப் 62 சண்டைகளை வென்ற பிறகுதான் 1943-இல் சாமி அங்காட்டிடம் முதல்முறை தோற்றார். ஹூலியோ சீசர் சாவேஸ் 87-0 என்று இருந்தபோது, 1993-இல் பெர்னல் விட்டேக்கருடன் டிரா ஆனது. மேவெதரின் 50-0 தனித்து நிற்பதற்குக் காரணம் வேறு: தோல்வியும் இல்லை, டிராவும் இல்லை, ஐந்து எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம், அப்படியே ஓய்வு. ரிக்கார்டோ லோபஸ் 51 வெற்றிகளுடன் தோற்காமலே ஓய்வு பெற்றவர். ஆனால் 1998-இல் ரோசென்டோ ஆல்வரெஸுடன் ஆடிய சண்டை, தலை மோதி ஏற்பட்ட வெட்டால் பாதியில் நின்று டிராவாகிவிட்டது. ஒரு வெட்டுக்காயம் போதும்.

பட்டியலில் தொழில்முறைச் சண்டைகளை மட்டும் எண்ணுங்கள். அமெச்சூர் சண்டைகளும் கண்காட்சிச் சண்டைகளும் சேராது. 1996 ஒலிம்பிக்கில் அரையிறுதியில் தோற்று வெண்கலம் வாங்கியவர்தான் மேவெதர்; அந்தத் தோல்வி 50-0-இல் இல்லை.

அடுத்தது வேகம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மேவெதர் 1996 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்தார். 1998 அக்டோபரில் முதல் உலகப் பட்டம் வென்றது அவருடைய 18-வது சண்டை. அதாவது இரண்டே ஆண்டுகளில் 18. மீதி 32 சண்டைகளுக்கு ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஆயின. இன்றைய சாம்பியன்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வளையத்துக்குள் வந்தாலே அதிகம். டெரன்ஸ் கிராஃபோர்ட் 2008-இல் தொடங்கி, 2025-இல் கனெலோ ஆல்வரெஸை வென்றபோதுதான் 42-0-ஐத் தொட்டார். உங்கள் வீரருக்கு இப்படிப் போடுங்கள்: 51-லிருந்து இப்போதைய வெற்றிகளைக் கழித்து, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரியால் வகுத்து, வரும் விடையை வயதோடு கூட்டுங்கள். 27 வயதில் 25-0, ஆண்டுக்கு இரண்டு சண்டை என்றால் 40 வயதாகிவிடும். கனமான எடைப்பிரிவில் அந்த வயதிலும் தாக்குப்பிடித்தவர்கள் உண்டு. வேகத்தையே நம்பியிருக்கும் இலகு எடைக்காரர்களுக்கு அது மிகவும் அரிது.

பிறகு நிகழ்தகவு. ஒவ்வொரு சண்டையிலும் வெல்ல 98% வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 0.98-ஐ 51 முறை பெருக்கினால் கிடைப்பது சுமார் 36%. 95% என்றால் 7% மட்டுமே. எல்லாச் சண்டைக்கும் ஒரே சதவீதம் போடுவதும் தவறு. முதல் 25-க்கு 99%, பட்டத்துக்கான 26-க்கு 92% என்று பிரித்துப் போட்டால் 9% அளவில் வந்து நிற்கும். சதவீதங்கள் உங்கள் ஊகம்தான். ஆனாலும் நீளம் எப்படிக் கொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

எதிராளிகளைச் சோதிக்கும்போது அவர்களுடைய இன்றைய கணக்கைப் பார்க்காதீர்கள். சண்டை நடந்த அன்று இருந்த கணக்கைப் பாருங்கள். 2013-இல் மேவெதரிடம் தோற்ற அன்று கனெலோ 42-0-1 (கடைசி எண் டிரா). மாறாக 50-வது எதிராளி, கலப்புச் சண்டை (MMA) வீரர் கானர் மெக்ரிகருக்கு அதுதான் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. தோற்காமலே ஓய்வு பெற்ற ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49-0-ஐத் தாண்டியது இந்தச் சண்டையில் என்பதால்தான் இன்றும் சிலர் முகம் சுளிக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. தாய்லாந்தின் வான்ஹெங் மெனயோதின் 54-0 வரை போனார்; ஆனால் பெரும்பாலும் சொந்த நாட்டிலேயே ஆடினார், பட்டச் சண்டைகளுக்கு இடையே பலவீனமான எதிராளிகள் பலர். 2020-இல் தோற்கும்வரை உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனவே 12 சுற்றுச் சண்டைகளைத் தனியே எண்ணுங்கள். 4, 6 சுற்றுச் சண்டைகள் எண்ணிக்கையைத்தான் ஏற்றும்.

கடைசியாக ஸ்கோர்கார்டு. பொதுவாகச் சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 புள்ளி; எனவே 115-113 என்பது 12 சுற்றில் 7-5, அதாவது ஒரே ஒரு சுற்று மாறினால் போதும். அந்தச் சுற்று மறுபக்கம் போயிருந்தால் 114-114. இப்படிப்பட்ட தாள்கள் இரண்டு மூன்று இருந்தால் அந்த '0' ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது என்று பொருள். தாள் மட்டும் போதாது, சண்டையையும் பாருங்கள்: 2002-இல் ஹோசே லூயிஸ் காஸ்டியோவுக்கு எதிராக மூன்று நடுவர்களும் மேவெதருக்கே கொடுத்தார்கள், பார்த்தவர்களில் பலர் காஸ்டியோதான் வென்றார் என்றார்கள். அதே ஆண்டு மறுசண்டை வைக்க வேண்டியதாயிற்று.

48-0-இல் இருப்பவருக்குக்கூட இந்தக் கணக்கைத் தளர்த்தாதீர்கள். மார்சியானோவைச் சமன் செய்ய ஒரே வெற்றி மிச்சமிருந்த லாரி ஹோம்ஸை 1985-இல் வீழ்த்திய மைக்கேல் ஸ்பிங்ஸ், அதுவரை ஹெவிவெயிட்டில் ஆடாத, அதைவிட இலகுவான லைட் ஹெவிவெயிட் பிரிவின் சாம்பியன். ஹோம்ஸுக்கு அப்போது வயது 35.